வரப்போரத்துப் பூச்சிகளையும் சிலந்திகளையும் படமெடுக்க: முழுமையான வழிகாட்டி

பூச்சிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, சிறியதை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸின் விலையை. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: எந்தச் செடியில் என்ன உட்கார்ந்திருக்கும், ஃபிளாஷ் வெளிச்சத்தை எப்படி மென்மையாக்குவது. இவை கைவந்தவர் கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூபைச் செருகியே நல்ல படம் எடுத்துவிடுவார். இவை வராதவர் வாங்கிய விலையுயர்ந்த லென்ஸ் பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழகத்துச் சமவெளிக் கிராமங்களுக்குப் பொருந்துவது: வயல் வரப்பு, கண்மாய்க் கரை, முள்வேலி, தோப்பு, தரிசு. காட்டுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றமும்கூட.

செடியைத் தெரிந்தால் பூச்சி கிடைக்கும்

பூச்சியைத் தேடி அலையாதீர்கள், செடியைத் தேடி நில்லுங்கள். பத்து கிலோமீட்டர் நடப்பதைவிட ஒரே எருக்கஞ்செடியின் முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருப்பது அதிகம் தரும்.

தொடங்க ஏற்றது எருக்குதான். குருத்து இலைகளின் அடியில் மஞ்சள் நிற அசுவினிகள் அப்பியிருக்கும். அவற்றைத் தின்னப் பொறிவண்டும் அதன் புழுவும் வரும், அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இலையடியில் ஒற்றை ஒற்றையாக முட்டை வைக்கும். கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளுள்ள அதன் புழு இலை விளிம்பைத் தின்றுகொண்டிருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்த எருக்கு வெட்டுக்கிளி பறப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டாது, புதிதாய்ப் பழகுகிறவருக்கு அதைவிடப் பொறுமையான மாடல் அமையாது. பூவுக்குப் பெரிய கருந்தச்சுத் தேனீக்கள் வரும். இத்தனையும் ஒரே செடியில், மண் ரோட்டோரத்தில்.

எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைக் கன்றுகளில் பறவை எச்சம் போலக் கிடப்பதைக் கூர்ந்து பாருங்கள். அது அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற நிறமுள்ள உறுப்பை நீட்டும். அது வெளியே வந்துவிட்டால் புழு மிரண்டுவிட்டது, விலகிவிடுங்கள்.

ஆமணக்கின் இலைக்காம்பில் தேன் சுரக்கும் சிறு மொட்டுகள் உண்டு, அதனால் எறும்புக்கு அங்கே பஞ்சமில்லை. ஆவாரஞ்செடியில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்குச் செடியும் பலர் கவனிக்காத புதையல்கள். இவை காய்ந்து வாடும்போது வரியன், கறுப்பன் வகை வண்ணத்துப்பூச்சிகள், குறிப்பாக ஆண்கள், இவற்றின் சாற்றை உறிஞ்ச மொய்க்கும். அந்த மயக்கத்தில் இருக்கும்போது பத்து சென்டிமீட்டர் வரை போனாலும் பறக்காது. ஈரமணலில் உப்பு உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகளும் அப்படியே.

மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்புகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் ஓரமாய் ஒன்று தனியாய்த் திரிந்தால் கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடமிட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்திருக்கும். ஆணுக்குத் தாடை முன்னே நீண்டிருக்கும், எறும்பு இன்னொன்றைக் கவ்விப் போவது போலத் தோன்றும்.

கருவேல முள்ளில் அழுக்குத் துணி சிக்கியது போல் சாம்பல் நிற வலைக் கும்பம் தெரிந்தால் அது கூட்டுச் சிலந்திகளின் குடியிருப்பு. பகலில் உள்ளே பதுங்கியிருக்கும். இரை மாட்டி வலை அதிரும்போது பல சிலந்திகள் ஒன்றாய் வெளியே ஓடிவரும். நெல் வயலில் தாள்களோடு தாளாக உடலை நீட்டிப் படுத்திருக்கும் நீள்தாடைச் சிலந்தி, தண்ணீர் மேல் ஓடும் ஓநாய்ச் சிலந்தி, ஒரு அங்குலம்கூட இல்லாத ஊசித்தட்டான்கள் எல்லாம் வரப்பில் குந்தினாலே கிடைக்கும். வயலுக்குள் இறங்க வேண்டாம்.

பொன்வண்டைத் தேடுகிறவர்கள் மழைக்குப் பின் வேலி மரங்களின் இலைகளைப் பார்க்கலாம். கை பட்டால் காலை மடக்கிக்கொண்டு கீழே விழுந்துவிடும், அதனால் கிளையை அசைக்காமல் போக வேண்டும். தீப்பெட்டிக்குள் அடைக்கும் பழக்கத்தைப் பள்ளிப் பருவத்தோடு விட்டுவிடுவது நல்லது.

எந்த மாதம், எந்த நேரம்

புரட்டாசியிலிருந்து தை வரை சரியான காலம். வடகிழக்குப் பருவமழை விட்டு ஓரிரு நாளில் வேலியெல்லாம் உயிர் பெற்றிருக்கும். முதல் மழை நனைத்த செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சி ஊரும். பெயரில்தான் பூச்சி, எட்டுக்காலுள்ள அது சிலந்திகளின் உறவினம். மார்கழி, தையில் பனி இறங்கும், துளி பூத்த தும்பிகளை எடுக்க அதுவே சமயம். சித்திரை, வைகாசி வெயிலில் பெரும்பாலானவை ஒளிந்துவிடும், ஆனால் குழியானையும் சில்வண்டும் அப்போதுதான். ஆடியில் இந்த வேலைக்கு விடுமுறை விட்டுவிடலாம். அம்மியே பறக்கும் காற்றில் எருக்கிலை அசையாமல் நிற்குமா?

நாளில் சிறந்த நேரம் விடியலுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்ந்த காலையில் தசை சூடேறாததால் அதனால் சட்டென்று பறக்க முடியாது. காற்றும் அப்போது அடங்கியிருக்கும். எட்டரை மணிக்கு மேல் இரண்டும் கைவிட்டுப் போகும். அதற்குப் பிறகு பூவுக்கு வருபவற்றையும், ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் தட்டான்களையும் எடுக்கலாம். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வயிற்றை வானத்தை நோக்கிச் செங்குத்தாய்த் தூக்கி நிற்கும். உடம்பில் படும் வெயிலைக் குறைக்கும் உத்தி அது, படத்துக்கும் நல்ல வடிவம்.

கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது

செல்போன்: மேக்ரோ என்று தனியே கொடுத்திருக்கும் சிறிய கேமரா பல மலிவு போன்களில் பயனற்றது. முதன்மைக் கேமராவின் மேல் 10 அல்லது 15 மடங்கு க்ளிப் லென்ஸ் மாட்டுங்கள். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். தானாக மேக்ரோவுக்கு மாறும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெருங்கியதும் போன் வேறு கேமராவுக்குத் தாவிவிடும், க்ளிப் லென்ஸ் மாட்டிய பலனே இருக்காது. திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, போனை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். போனின் சொந்த ஃபிளாஷ் இவ்வளவு அருகில் உதவாது, க்ளிப் லென்ஸே அதை மறைக்கும். சிறிய எல்.இ.டி. விளக்கின் முன் பட்டர் பேப்பர் ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் டியூப்: உள்ளே கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் அருகில் ஃபோகஸ் ஆகும். உருப்பெருக்கம் என்பது சென்சாரில் விழும் உரு பூச்சியின் உண்மை அளவைப் போல எத்தனை மடங்கு என்பது. கூடுதலாய்க் கிடைக்கும் உருப்பெருக்கம், டியூபின் நீளத்தை லென்ஸின் குவிய தூரத்தால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) வகுத்தால் வரும். 12, 20, 36 மி.மீ. மூன்றையும் சேர்த்த 68 மி.மீ.யை 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் ஏறத்தாழ 1.4 மடங்கு. மின் இணைப்பு உள்ள டியூபையே வாங்குங்கள். இணைப்பு இல்லாததில் இன்றைய லென்ஸ்களில் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றவே முடியாது.

ரிவர்ஸ் ரிங்: லென்ஸைத் தலைகீழாய் மாட்டும் வளையம். இருப்பதிலேயே மலிவு. 50 மி.மீ. திருப்பினால் ஏறக்குறைய 1 மடங்கு, 28 மி.மீ. திருப்பினால் இரண்டு மடங்குக்கு மேல். துளை வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். கேனன் இ.எஃப். லென்ஸ் என்றால், நேராக மாட்டித் துளையை எஃப் 8 வைத்து (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே கழற்றுங்கள், துளை அப்படியே நிற்கும். பின்பக்கக் கண்ணாடி வெளியே திறந்திருப்பதால் செம்மண் புழுதி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னால் ஒட்டும் க்ளோஸ்-அப் லென்ஸ்: 55-250 போன்ற டெலி ஜூம் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர் (லென்ஸ் சக்தியின் அலகு) கொண்டது, 52 முதல் 67 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும். 250 மி.மீ.யில் ஏறத்தாழ 2 மடங்கு, 100 மி.மீ.யில் 0.8 மடங்கு. ஃபோகஸ் ஆகும் தூரம் 12 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். வேண்டாதபோது ஒரு நொடியில் கழற்றிவிடலாம். தட்டான், வண்ணத்துப்பூச்சிக்கு இதைவிடச் சக்தி குறைந்த டிசிஆர்-150 வசதி, 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம்.

மேக்ரோ லென்ஸ் வாங்குவதானால் 90 முதல் 105 மி.மீ. வாங்குங்கள். 1:1 அளவில், அதாவது 1 மடங்கில், லென்ஸ் முனையிலிருந்து பூச்சி வரை 13, 14 சென்டிமீட்டர் கிடைக்கும். 50, 60 மி.மீ. மேக்ரோவில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கி, லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும்.

டிஃப்யூசர் செய்வது

வண்டின் முதுகும் சிலந்தியின் கண்ணும் வழவழப்பானவை. சிறிய ஃபிளாஷ் முகம் அதில் வெள்ளைப் பொட்டாக எதிரொளித்து நிறத்தையும் நுணுக்கத்தையும் அழித்துவிடும். ஒளி வரும் பரப்பு பூச்சியின் அளவோடு ஒப்பிடும்போது பெரிதாகவும், அதற்கு அருகிலும் இருக்க வேண்டும். ஃபிளாஷ் ஒளியை அப்படிப் பரப்பி மென்மையாக்கும் கூண்டுதான் டிஃப்யூசர். வீட்டிலேயே செய்துவிடலாம்.

தேவை: ஒரு சன்பேக் ஷீட் அல்லது கெட்டி சார்ட் அட்டை, அலுமினியத் தாள், 2 மி.மீ. வெள்ளை ஃபோம் ஷீட், டிரேசிங் பேப்பர், இருபக்க ஒட்டு டேப், 20 செ.மீ. வெல்க்ரோ பட்டை.

1. ஃபிளாஷ் தலையை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 8 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் இருக்கும்.

2. அட்டையில் மேல்மூடியை வெட்டுங்கள்: ஃபிளாஷ் பக்கம் 9 செ.மீ., வாய்ப்பக்கம் 20 செ.மீ., நீளம் 20 செ.மீ. டியூப் மாட்டிய பின் லென்ஸ் நீண்டால் இந்த நீளமும் கூட வேண்டும். டிஃப்யூசரின் வாய் லென்ஸ் முனையைத் தாண்டி இரண்டு விரற்கடையாவது வெளியே வர வேண்டும்.

3. இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டுங்கள். அடிப்பகுதி பாதி நீளம் போதும், மீதி இடத்தில் லென்ஸ் உட்காரும். உட்பக்கம் முழுக்க அலுமினியத் தாள்.

4. ஃபிளாஷிலிருந்து 7 செ.மீ. தள்ளி முதல் திரையாக ஒரு டிரேசிங் பேப்பர். இது இல்லாவிட்டால் வாயின் நடுவில் மட்டும் வெளிச்சம் குவியும்.

5. வாயில் ஃபோம் ஷீட்டை விறைப்பாய் இழுக்காமல் பூச்சியை நோக்கிக் குழிவாக வளைத்து ஒட்டுங்கள். கீழ்விளிம்பில் லென்ஸ் முனைக்கு அரைவட்டம் வெட்டி, இரு ஓரமும் லென்ஸின் பக்கங்களில் இறங்கி வரும்படி விடுங்கள். பூச்சியின் வயிற்றுப்பக்க இருட்டு இதனால் குறையும்.

6. வெல்க்ரோவால் ஃபிளாஷ் தலையோடு இறுக்குங்கள்.

சோதிக்க எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் படமெடுங்கள். பிரதிபலிப்பு பெரிதாய், ஓரம் கரைந்து, சீராய் இருந்தால் சரி. நடுவில் பளிச்சென்ற புள்ளி தெரிந்தால் முதல் திரைக்கு இன்னொரு தாள். இந்தத் திரைகள் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கும், அதற்கேற்ப ஃபிளாஷ் சக்தியை ஏற்ற வேண்டும். சில ஃபோம் ஷீட்டுகள் நீலம் தட்டும். அதே அமைப்பில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்யலாம்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் பாப்-அப் ஃபிளாஷிலும் இது வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடி காத்திருக்க நேரும்.

எண்கள்

ஃபிளாஷோடு தொடங்க: மேனுவல் முறை, ஷட்டர் 1/200 விநாடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, துளை எஃப் 11, ஃபிளாஷும் மேனுவலில் 1/8 சக்தி. ஒரு இலையை எடுத்துப் பாருங்கள், வெளிச்சத்தை ஃபிளாஷ் சக்தியில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகச் சிறியது. 1/32 சக்தியில் பல ஃபிளாஷ்களில் அது விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கை நடுக்கத்தையும் காற்றையும் உறையவைப்பது ஷட்டர் அல்ல, இந்த மின்னல்தான். அதனால் முழுச் சக்தியில் சுடுவதைத் தவிர்த்து, தேவைப்பட்டால் ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றுங்கள்.

துளையை எஃப் 22 வரை மூடினால் எல்லாம் தெளிவாகும் என்று நினைப்பவர் அதிகம். 1:1 உருப்பெருக்கத்தில் எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 போலத்தான் வேலை செய்கிறது. உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டித் துளை எண்ணால் பெருக்கினால் உண்மையான எண் கிடைக்கும். அதற்கு மேல் மூடினால் ஒளி விலகிப் பரவி, படம் முழுக்க மங்கும். 1 மடங்கு வரை எஃப் 8 முதல் 11, 2 மடங்கில் எஃப் 5.6 முதல் 8 போதும்.

அந்த அளவில் தெளிவாகத் தெரியும் ஆழம் எவ்வளவு? ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் (தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் உள்ள அளவு) அரை மடங்கு, எஃப் 11 என்றால் இரண்டரை மில்லிமீட்டர் அளவு. 1 மடங்கில் எஃப் 11க்கு 0.9 மி.மீ. 2 மடங்கில் எஃப் 8க்கு கால் மில்லிமீட்டர். ஒரு முசுறு எறும்பின் தலையைக்கூட அதில் முழுதாய் அடக்க முடியாது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எதற்காகக் கோணத்தைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஃபிளாஷ் இல்லாமல் காலைப் பனியில்: ட்ரைபாட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/30 முதல் 1/125. டெலி ஜூமில் பறந்து திரியும் வண்ணத்துப்பூச்சிக்கு 1/500க்குக் குறையாமல்.

நெருங்குவதும் பிடிப்பதும்

முதல் படத்தை ஒரு மீட்டர் தூரத்திலேயே எடுத்துவிடுங்கள். பறந்துவிட்டால்கூட அடையாளம் காண ஒன்று இருக்கும். பிறகு அரை மீட்டர், கால் மீட்டர் என்று, ஒவ்வொரு கட்டத்திலும் சற்று நின்று. உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது, செடியைத் தொடக் கூடாது, பக்கவாட்டில் கை வீசக் கூடாது. நேர்கோட்டில் மெதுவாய் வரும் உருவத்தைப் பூச்சி அவ்வளவாகப் பொருட்படுத்தாது. மேலிருந்து குனிந்தால் அதற்கு நீங்கள் பறவை.

தண்டைச் சுற்றி மறுபக்கம் ஒளிந்துகொண்டால் துரத்த வேண்டாம். இடது கையை மெல்ல அந்த மறுபக்கத்தில் கொண்டுபோங்கள், தானே உங்கள் பக்கம் வந்துவிடும். கும்பிடுபூச்சி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள், இலையடியில் ஓடும் சிலந்திகள் எல்லாவற்றுக்கும் இது செல்லும்.

ஃபோகஸ் மேனுவலில் இருக்கட்டும். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று வளையத்தை முதலிலேயே வைத்துவிட்டு, உடம்பை முன்னே சாய்த்து ஃபோகஸைப் பிடிக்க வேண்டும். இடது கையால் பூச்சி இருக்கும் குச்சியின் அடிப்பகுதியைப் பிடித்து, அந்தக் கையின் மணிக்கட்டில் லென்ஸை ஊன்றினால் காற்றில் குச்சியும் கேமராவும் ஒன்றாய் ஆடும், இரண்டுக்குமான தூரம் மாறாது. முட்டியில் முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டு முடித்த இடைவெளியில், கண் தெளியும் கணத்தில் மூன்று நான்கு படம். தரையோடு எடுக்க ஒரு கிலோ மணல் நிரப்பிய துணிப்பை ட்ரைபாடைவிடச் சௌகரியம். காற்றுக்கும் வெயிலுக்கும் குடை. குடைக்கம்பியில் துணிக் கிளிப் மாட்டிக் குச்சியைக் கவ்வவும் செய்யலாம்.

மூடிய சிறகோடு உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சிக்குக் கேமராவின் பின்முகம் சிறகுக்கு இணையாக இருந்தாக வேண்டும். ஐந்து டிகிரி சாய்ந்தாலும் சிறகின் ஒரு ஓரம் கரைந்துவிடும். முகத்தை எடுக்கும்போது மட்டும் கண் தெளிவாய் இருந்தால் போதும், வால் மங்கினால் யாருக்கும் குறையில்லை.

பின்னணி கறுப்பாய் வருவது ஃபிளாஷ் படங்களின் பொதுக்குறை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் பின்னால் இருப்பவற்றை எட்டுவதில்லை. பூச்சிக்குப் பின் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டரில் ஒரு இலை வரும்படி கோணத்தை மாற்றுங்கள். அல்லது ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றி ஷட்டரை 1/100க்கு இறக்கி வானத்தின் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலந்திகளுக்குத் தனிக் கவனம்

குதிக்கும் சிலந்தியைப் போல ஒத்துழைக்கும் உயிர் வேறில்லை. ஈப்புலி என்று அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. முன்பக்கத்து நான்கு கண்களில் நடு இரண்டும் பெரியவை. லென்ஸில் தெரியும் அசைவைப் பார்க்கத் தானே திரும்பி நிற்கும். அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் முகம் கிடைக்கும், மேலிருந்து எடுத்தால் வெறும் முதுகு. நேராக நிற்கும் கணத்தில் நடு இரண்டு கண்ணிலும் டிஃப்யூசரின் பிரதிபலிப்பு சமமாய் விழுகிறதா பாருங்கள். குதிக்கும் முன் பட்டு நூலை ஒட்டிவிட்டுத்தான் தாவும். லென்ஸ் மேலேயே தாவினால் பதற வேண்டாம், ஒரு இலையைக் காட்டினால் ஏறிக்கொள்ளும்.

வலையின் நடுவில் பெருக்கல் குறி போல வெள்ளைப் பட்டை நெய்து, அதன் மேல் கால்களை இரண்டிரண்டாய்ச் சேர்த்துத் தலைகீழாய்த் தொங்குவது கையெழுத்துச் சிலந்தி. வேலியோரத்தில் இடுப்பு உயரத்தில் அடிக்கடி காணலாம். மூச்சு பட்டால் வலையையே ஊஞ்சலாட்டும், இன்னும் மிரண்டால் நூலைப் பிடித்துக் கீழே இறங்கிவிடும். வலையைத் தாங்கும் நூல்கள் எந்தச் செடிகளில் கட்டப்பட்டுள்ளன என்று முதலில் பார்த்து, அவற்றைத் தொடாமல் நில்லுங்கள். பெரிய பெண்ணின் வலையோரத்தில் மிகச் சிறிய ஆண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வலையை மட்டும் எடுக்க, சூரியன் எதிரே தாழ இருக்கும் பனிக்காலை, பின்னால் இருண்ட புதர். வலை தெரிவதற்காக மாவு தூவுவது சிலர் வழக்கம். ஒட்டுநூலின் பசை வீணாகி அன்றைக்கு அதற்கு இரை கிடைக்காது, செய்யாதீர்கள்.

பூவில் நண்டுச் சிலந்தி இருப்பதைக் கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம், அசையாமல் ஒரே கோணத்தில் தொங்கும் தேனீ. அது செத்திருக்கும், கீழே பிடித்துக்கொண்டிருப்பது சிலந்தி.

இருட்டிய பிறகு

தலைவிளக்கை நெற்றியில் கண்ணுக்கு ஒட்டி மாட்டிக்கொண்டு தரையைப் பாருங்கள். புல்லில் நீலப்பச்சையாய் மின்னுவதெல்லாம் பனித்துளி அல்ல, பாதி ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். விளக்கைக் கையில் தாழ்த்திப் பிடித்தால் இந்த மின்னல் தெரியாது, வந்த வழியே திரும்பும் ஒளி அது. வட்ட வலைச் சிலந்திகள் பல அந்தி சாய்ந்த பிறகுதான் வலை பின்னும், ஏழு மணிக்குப் போனால் முழு வேலையையும் பார்க்கலாம். ஃபோகஸ் பிடிக்க ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைக் கேமராவில் கட்டிக்கொள்ளுங்கள், சக்தி குறைவாய் வைத்து.

புற ஊதா டார்ச்சில் தேள் பச்சை நீலமாய் ஒளிரும். அந்த ஒளியைப் படமாக்க ட்ரைபாட், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400, இரண்டு முதல் பத்து விநாடி. அசையாத தேள் வேண்டும், டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொள்ளக் கூடாது.

காப்பாக

புதரருகே மண்டியிடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டையும் வரப்பிலும் கல்லடியிலும் படுத்திருக்கும், இரவில் கட்டுவிரியன் அலையும். முழங்கால் வரை மூடும் பூட்ஸ் வசதிக்காகச் சொல்வதல்ல. கடித்தால் கட்டோ கீறலோ போடாமல், அதிகம் நடக்கவிடாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு.

கதண்டு என்னும் பெருங்குளவியின் கூடு, மலைத்தேனீ அடை ஆகியவற்றின் அருகே ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கம்பளிப்பூச்சியின் ரோமம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். புல்லில் படுத்து எடுக்கிறவர்கள் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை அறிந்திருக்க வேண்டும். சிறு உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது, மழை முடிந்த குளிர்மாதங்களில் அதிகம். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட வடு போல் கறுத்த பொருக்கு இருந்து காய்ச்சலும் வந்தால், புதரில் படுத்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் குளித்துத் துணியை மாற்றுவது எளிய தடுப்பு.

மருந்தடித்த வயலுக்குச் சில நாள் போக வேண்டாம். அங்கே எடுக்கப் பூச்சியும் இருக்காது. கேமராவோடு யாரோ வரப்பில் குனிந்திருந்தால் நிலம் அளக்க வந்தவர் என்றுதான் ஊரில் முதலில் நினைப்பார்கள். “அண்ணே, பூச்சியப் படம் எடுக்குறோம், வரப்புலயே நின்னுக்குறோம்” என்று சொல்லிவிட்டு, எடுத்த ஒன்றைத் திரையில் காட்டினால் அடுத்த முறை அவரே இடம் காட்டுவார்.

குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பது, ஒட்டுவது, கட்டுவது எதுவும் கூடாது. சில வண்ணத்துப்பூச்சிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை, பிடிப்பதே சட்டப்படி தவறு. புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள், அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கிறது.

படம் ஏன் மங்கியது?

திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் மங்கி, அதற்கு முன்னோ பின்னோ ஒரு ரோமமோ இலை நரம்போ கூர்மையாய் இருந்தால் ஃபோகஸ் தவறியது. முன்சாய்வு கொஞ்சம் அதிகமோ குறைவோ, அவ்வளவுதான். எந்த இடமும் கூர்மை இல்லை, ஓரங்கள் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன என்றால் நடுக்கம். கூர்மையான உருவத்தோடு மங்கலான இன்னொரு நிழலுரு ஒட்டியிருந்தால், வெயில் வெளிச்சமும் ஃபிளாஷும் கலந்துவிட்டன. ஐ.எஸ்.ஓ.வைக் குறையுங்கள், அல்லது குடையால் நிழலிடுங்கள். எல்லாம் சமமாய் மென்மையாய் இருந்தால் துளையை அளவுக்கு மீறி மூடியிருக்கிறீர்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி என்றால் சென்சாரில் தூசி. படம் முழுக்கப் பால் பூத்தாற்போல் வெளிறினால், ஏ.சி. அறையிலிருந்து நேராக ஈரக்காற்றுக்கு வந்த லென்ஸில் நீராவி. அரைமணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கும், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள்.

பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது

கால் மில்லிமீட்டர் ஆழத்தில் திருப்தி இல்லாதவர்கள், ஃபோகஸைச் சிறிது சிறிதாய் நகர்த்திப் பல படம் எடுத்துச் சேர்க்கலாம். விடியலில் உறைந்திருக்கும் பூச்சிதான் இதற்கு ஆகும், உணர்கொம்பு அசைந்தாலே இரட்டையாய் வரும். ட்ரைபாடில் 1 மடங்கில் எஃப் 5.6 வைத்து, ஒவ்வொரு அடியும் 0.3 மி.மீ. நகர்த்தினால் இடைவெளி விழாது. ஒரு தட்டான் தலைக்கு 15 முதல் 25 படம் ஆகும். கையிலேயே எடுப்பதானால் ஃபிளாஷோடு வேகத் தொடரில், ஃபோகஸ் கண்ணுக்கு முன்னிருந்து பின்னோக்கி நகரும்படி மெல்ல முன்னே சாயுங்கள். ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர், ஃபோட்டோஷாப் மூன்றும் இவற்றைச் சேர்த்துத் தரும். தொடரின் முதல் படம் முன்னங்காலுக்கும் முன்னால் தொடங்கட்டும். நடுவில் ஒரு படம் விட்டுப்போனால் கண்ணுக்கும் உணர்கொம்புக்கும் இடையே மங்கிய பட்டை விழும், எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

பெயர் கண்டுபிடிக்க வேண்டுமானால்

அழகான ஒரு படத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாமல் போவது மிகச் சாதாரணம். சிலந்திக்குக் கண்கள் அமைந்திருக்கும் விதம், முதுகு, அடிவயிறு மூன்றும் வேண்டும், வலையின் வடிவமும் சேர்ந்தால் நல்லது. தட்டானுக்கு மார்பின் பக்கவாட்டும் வால் நுனி உறுப்புகளும். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் இரு பக்கமும். புழுவுக்கு அது தின்றுகொண்டிருந்த செடி. ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியப் பல்லுயிர்த் தளத்திலோ இடம், தேதியோடு ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். கேமராவின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். கேமராவில் ஜி.பி.எஸ். இல்லையென்றால் அதே இடத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும், பிறகு அதிலிருந்து இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.